அப்பா கலந்த பாட்டில்

"அப்பா! என்ன பண்றீங்க?"

அழுக்குத் துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கராஜ் கதவைத் திறந்த பூங்கோதை அப்படியே நின்றுவிட்டாள்.

வாஷிங் மெஷின் மேல் பழைய பேப்பரை விரித்து, கையில் ரப்பர் உறை, மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் கண்ணாடி சகிதம் நின்றுகொண்டிருந்தார் வரதராஜன். விரலிடுக்கில் ஒரு சிரிஞ்சு. சுற்றிலும் குட்டிக் குட்டி பாட்டில்கள்.

பேரனைப் பார்க்கவென்று விசிட்டர் விசாவில் திருச்சியிலிருந்து வந்து, வெளிநாட்டில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் மனிதர் செய்கிற வேலையா இது?

"ஊசி போட்டுக்கிறீங்களா?"

"ச்சே ச்சே! இதுல ஊசியே இல்லம்மா, பாரு. சும்மா அளக்கறதுக்கு" என்று அசடு வழிந்தார். "வேப்புன்னு சொல்றாங்களே, புகை விடற மெஷின், அதுல ஊத்தற தண்ணி. யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"சிகரெட்டை விட்டு இருபது வருஷம் ஆச்சுன்னு பெருமையடிப்பீங்களே!"

"இங்க குளிருக்கு... பழைய பழக்கம் திரும்பிடுச்சும்மா. அதை விடறதுக்குத்தான் இது."

"அப்ப மழை நாள்ல இந்த கராஜ்ல அடிச்ச சிகரெட் நாத்தம் உங்களோடதுதானா? பக்கத்து வீட்டுக்காரன்னு நெனச்சு அவன் முகத்துலகூட முழிக்காம இருந்தேனே!"

"தப்புதாம்மா" என்றார். பிறகு அவளைச் சமாதானப்படுத்துகிற நினைப்பில் விளக்கமும் கொடுத்தார்.

"மொதல்ல தெரியாம நம்ம பாயசத்துக்கு ஊத்தற ஏலக்காய் எசன்ஸைக் கலந்துட்டேன். எண்ணெய் சேர்ந்தது நெஞ்சுக்கு ஆகாதாம். படிச்சதும் அத்தனையும் கொட்டிட்டேன். இப்ப சரியாப் பண்றேன். ஒவ்வொரு தடவையும் நிக்கோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வர்றேன். இன்னும் ரெண்டு மாசத்துல ஒண்ணுமே இருக்காது."

அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சின்ன பெருமை வேறு. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது விஷம்ப்பா! ஜஸ்வின் தவழற வீடு இது. எடுத்து வாயில வெச்சான்னா?"

"பெட்டியில வெச்சுப் பூட்டிடறேம்மா. சாவி என் இடுப்புலதான் இருக்கு."

"ஒண்ணும் சொல்லாதீங்க!"

பூங்கோதைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. ஊரார் அப்பாக்களிடமெல்லாம் நாள் முழுக்கச் சிரித்துப் பேசிவிட்டு வருகிறவளுக்கு, சொந்த அப்பாவிடம் பேச மிஞ்சியது அந்தக் கோபம்தான்.

வயிற்றில் ஜஸ்வின் இருந்தபோது, "இனிமே ஒரு சிகரெட் பிடிச்சாலும் நானும் பிள்ளையும் உங்களோட இருக்க மாட்டோம்" என்று கணவன் மனோஜிடம் சொன்னவள் அவள். மனோஜ் அன்றைக்கே பாக்கெட்டைக் குப்பையில் போட்டான். புருஷனுக்கே அந்தச் சட்டம் என்றால் அப்பாவுக்கு மட்டும் என்ன சலுகை?

சாயங்காலம் மனோஜ் ஆபீஸிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"என் அப்பாவே இப்படிப் பண்ணுவார்னு நான் நினைக்கலை. டிக்கெட்டை மாத்திடுங்க. இந்த வாரமே ஊருக்குப் போகட்டும்."

மனோஜ் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "வயசானவர், விடு கோதை" என்றான். "ஜஸ்வின் முதல் பிறந்தநாள் முடிஞ்சு போகட்டுமே."

"உங்களுக்கு நல்ல மனசு. அதான் ஏறி மிதிக்கறாங்க. நீங்க பேசாம இருங்க."

மனோஜ் போனை எடுத்து டிக்கெட்டை மாற்றினான்.

வரதராஜன்தான் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "இப்பதாம்மா சோபாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். ரெண்டடி எடுத்து வைக்கறதைப் பார்த்துட்டுக் கிளம்பறேனே?"

"வீடியோ கால்ல காட்டறேன்" என்றாள் பூங்கோதை.

ஏர்போர்ட்டில் ஜஸ்வின் தாத்தாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது பூங்கோதைதான்.

மனோஜ் மாமனாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர் அவன் தோளைத் தட்டி, "உடம்பைப் பார்த்துக்குங்க மாப்பிள்ளை" என்றார். மகளிடம் "வர்றேம்மா" என்றார், அவ்வளவுதான். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

இத்தனை நடந்தும் அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையே மனோஜ்! இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று காரில் வரும்போது பூங்கோதைக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக கராஜுக்குப் போனாள். அப்பா கிளம்பும்போது சாவியை அந்தப் பெட்டி மேலேயே வைத்திருந்தார். திறந்தாள். கலந்து முடித்து மூடி திருகிய ஒரு பெரிய பாட்டில் இருந்தது.

வாஷிங் மெஷின் பக்கத்துத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்தாள்.

"கொட்டாத கோதை! கொட்டாத!"

மனோஜ் ஓடி வந்து அவள் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினான். அவனுக்கு மூச்சு வாங்கியது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்தான்.

"ஏங்க?"

"எனக்கு இருக்கறதே இதுதான் கோதை. இனிமே கலந்து குடுக்க மாமாவும் இல்லை."