பால் ஊற்றிய கீஷ்

துருவிய காலிஃபிளவரைத் துணியில் கட்டி என் மனைவி ஒதில் பிழிந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும், ஓவனில் சுடும் முட்டைப் பலகாரமான கீஷின் அடித்தட்டு கூழாகிவிடும்.

எங்கள் மகள் அப்போலின் ஃப்ரிட்ஜ் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல் முடியும்வரை அங்கிருந்து நகரமாட்டாள். எந்தப் பாத்திரத்தில் எது விழுகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் மேசையில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் அப்போலின் இந்தச் சனி, ஞாயிறு வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டால் பார்க்கலாம், இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சென்ற முறை மூக்கில் குழாயோடு கிடந்தாள். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

காலையில் அவளே ஃபோனில் ஒரு சமையல் குறிப்பைக் காட்டி, "இதுன்னா சாப்பிடுறேன்" என்றாள். மாவு கிடையாது, வெண்ணெய் கிடையாது. அடியில் காலிஃபிளவர். பன்றி இறைச்சித் துண்டுகளுக்குப் பதில் காளான். க்ரீமுக்குப் பதில் கொழுப்பெடுத்த பால்.

கீஷுக்குப் பேர்போன எங்கள் லொரேனில் பிறந்தவன் இதைக் கீஷ் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முட்டையும் க்ரீமும் சேர்த்து அடித்த கலவைக்கு மிகேன் என்று தனிப்பெயரே வைத்திருக்கிற ஊர் இது.

"பாலா? பாரிஸ்காரங்ககூட சீஸைப் போட்டுக் கெடுக்குறதோட நிறுத்திக்கிறாங்களேம்மா" என்றேன்.

அப்போலின் லேசாகச் சிரித்தாள். ஒதில் என்னை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டு இவளை எப்படியாவது இங்கிருந்து கிளப்பு என்று அதற்கு அர்த்தம்.

ஒதில் திருட்டுத்தனமாகக் கலக்க நினைத்திருந்த க்ரீம் டப்பா அப்போலினின் முதுகுக்குப் பின்னால், ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவளிடம் பொய் சொல்லிவிடாதீர்கள், ஒரு முறை பிடிபட்டால் அப்புறம் உங்கள் கையால் கொடுக்கும் எதையும் தொடமாட்டாள் என்றும் அதே டாக்டர்தான் எச்சரித்திருந்தார். ஒதில் கேட்பதாக இல்லை. நானும் தடுப்பதாக இல்லை.

"அப்போலின், தபால் வந்திருக்கான்னு பாரேன்."

"நீதானேப்பா எடுத்துட்டு வந்தே. உன் முழங்கைக்குக் கீழதான் கிடக்கு."

காலிஃபிளவர் தட்டு ஓவனிலிருந்து ஓரம் சிவந்து வந்தது. அப்போலினே முட்டைகளை உடைத்தாள். அவளே பாலை அளந்து ஊற்றினாள். கிண்ணத்தில் வெளிறிப்போன மஞ்சள் தண்ணீர் நின்றது. இனி அதைத் தட்டில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

அப்போது அவள், "மேல வெங்காயத்தாள் தூவினா நல்லாருக்கும். பறிச்சிட்டு வரேன்" என்று தோட்டத்துக் கதவைத் திறந்தாள்.

மார்ச் மாதக் குளிர் சமையலறைக்குள் அடித்தது. மேல்கோட்டுகூடப் போடாமல் போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், ஒதில் பாய்ந்தாள். பாதிக் கலவையைத் தொட்டியில் கொட்டினாள். டப்பாவிலிருந்த க்ரீமை முழுக்க வழித்துப் போட்டு, இன்னும் இரண்டு மஞ்சள் கருக்களையும் சேர்த்து அடித்தாள். கரண்டி கிண்ணத்தில் தடதடவென்று இடித்தது.

"பாரு ரெமி, வராளா?"

நான் ஜன்னலில் நின்றேன். அப்போலின் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பாத்தி அருகே குத்துக்காலிட்டிருந்தாள். புல் போல மெலிந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டர் ஆணியில் மாட்டியது போல அவள்மேல் தொங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் திரும்பாமல் இரு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

கலவையைத் தட்டில் ஊற்றிவிட்டு, காலி டப்பாவை ஒதில் குப்பைக்கூடையின் அடியில் திணித்த நேரம் கதவு திறந்தது.

"ஊத்தியாச்சா?"

"ஆச்சு" என்றாள் ஒதில். குரல் பிசிறியது.

அப்போலின் தட்டைக் குனிந்து பார்த்தாள். வெங்காயத்தாளை நறுக்கித் தூவினாள்.

வெந்து வந்தபோது கீஷ் பொன்னிறத்தில் உப்பி, வாசனை வீட்டையே தூக்கியது. பால் ஊற்றியது ஜென்மத்துக்கும் இப்படி வராது.

அப்போலின் ஒரு வாய் எடுத்தாள். மெல்ல மென்றாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா."

ஒதிலின் முகத்தில் ரத்தமே இல்லை.

"உப்பு கொஞ்சம் கம்மி."

அவ்வளவுதான். மறுபடி முள்கரண்டியை எடுத்தாள். நாங்கள் இருவரும் குனிந்த தலை நிமிராமல் எங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். அவள் நடுநடுவே கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். ஆனால் நிறுத்தவில்லை. கடைசித் துணுக்கைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

துணி எடுத்து வருகிறேன் என்று ஒதில் மாடிக்கு ஓடினாள். அழத்தான் ஓடினாள்.

நான் தட்டுகளை அடுக்கினேன். பெண் சாப்பிட்டுவிட்டாளே என்று சந்தோஷமாக இருந்தது. ஏமாற்றிவிட்டோமே என்றும் உறுத்தியது.

அப்போலின் இரண்டு கைகளையும் ஹீட்டர்மேல் வைத்துச் சூடேற்றிக்கொண்டே, மாடிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அடுத்த வாட்டி அம்மாவைச் சீக்கிரம் ஊத்தி முடிக்கச் சொல்லுப்பா. வெளியில ரொம்பக் குளிருது."