வடக்கு வாசல்

"கட்டுறதுக்கு முன்னாடியே உள்ள நடந்து பாத்துரலாம்னாக, நெசமாம்மா?" என்று கேட்டபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார் சர்ச் கமிட்டித் தலைவர் ஞானமுத்து. அருப்புக்கோட்டையில் அந்த வசதி முதன்முதலில் வந்தது தொண்ணூற்றெட்டில், இந்த இன்ஜினியர் ஆபீசுக்குத்தான்.

வரைபடம் போடும் ஈவா பொத்தானை அழுத்தினாள். திரையில் புது சர்ச்சின் முன்வாசல் நெருங்கி வந்து திறந்தது. பார்வை நடுவழியே போய்ப் பீடத்தின் முன் நின்றது.

"நேர்ல போன மாதிரியே இருக்கு! ஒண்ணே ஒண்ணு. வடக்குச் செவுத்துல சின்னதா ஒரு வாசல் வச்சிரு."

"முன்வாசலே பெருசா இருக்கே ஐயா?"

"அது நமக்கு. இது கீழத்தெரு ஆளுகளுக்கு. பழைய சர்ச்சுல உள்ள வழக்கந்தான். நீ டவுனுப் பிள்ள, ஒனக்குத் தெரியாது."

ஈவா வாசலை வைத்தாள். அது வழியாகவே அவரை உள்ளே கூட்டிப் போனாள். திரை முழுவதையும் ஒரு தூண் அடைத்துக்கொண்டது.

"என்னம்மா, பீடமே தெரியல?"

"நீங்க கேட்ட வாசல்ல வந்தா இவ்வளவுதான் தெரியும் ஐயா."

"அட, முன்னால போம்மா!"

"போகக் கூடாதே. சின்னப் பிள்ளையில பழைய சர்ச்சுல நான் ஒரு எட்டு முன்னால வச்சதுக்கு, நீங்கதான கையப் பிடிச்சு இழுத்து இதே மாதிரி ஒரு தூணுக்குப் பின்னால ஒக்கார வச்சீக?"

ஞானமுத்து அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

ஈவா வடக்கு வாசலை அழித்தாள். முன்வாசல் மறுபடி திரைக்கு வந்தது.

"நீங்க வாரீகளா ஐயா, இல்ல நான் முன்னால போகட்டா?"