கேமரா பார்த்துவிட்டது

"கேமரா வைக்கிறதே நம்மள மாட்டிவிடத்தான் சிஸ்டர். வேற எதுக்காம்?" என்றார் அட்டெண்டர், ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டே.

"உங்களுக்கு என்னண்ணே பயம்? மருந்தை மாத்திப் போடுறவங்கதான் பயப்படணும்" என்றாள் தலைமை நர்ஸ்.

"எனக்கென்ன பயம்" என்றார். சிலிண்டரை இன்னும் வேகமாக உருட்டினார்.

அவசர சிகிச்சை அறையில் கேமரா மாட்டப் போகிறார்களாம். அடிபட்டு வருகிறவர்களுக்கு வைத்தியம் நடப்பதைப் படம் பிடித்து, பிறகு எல்லாரும் உட்கார்ந்து பார்த்து, எங்கே பிசகு என்று கண்டுபிடிப்பார்களாம். யாரையும் தண்டிக்க மாட்டார்களாம். தண்டிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்கிறவனை அட்டெண்டர் தன் ஆயுசில் நம்பியதில்லை.

யோசனை பெரிய டாக்டருடையது. அந்த ஆளையும் இவருக்கு ஆகாது. வணக்கம் சொன்னால் பாதி நாள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். யார் எதைச் சொன்னாலும், 'எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்க' என்று வாத்தியார் மாதிரி ஒப்பிக்க வைப்பார். நர்ஸுகள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'இன்னொரு தடவை'.

அட்டெண்டரின் கவலை வேறு. அவருக்கு இடது காது அடியோடு செத்துப்போயிருந்தது. அது பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். வலது காது கட்டில் பக்கம் இருக்கும்படி நின்று, வாயசைவைப் பார்த்துச் சமாளித்து வந்தார். எல்லாரும் மாஸ்க் போட ஆரம்பித்ததும் அதிலும் மண் விழுந்தது. விஷயம் தெரிந்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். உயிர் போகிற அவசரத்தில் தன்னைத் தேடிக் கூப்பிடுகிற இடம் அவருக்கு உலகத்தில் அந்த அறை ஒன்றுதான்.

சோதனைக்காக ஒரே ஒரு நாள் கேமராவை ஓடவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரைத் தூக்கி வந்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் படம் இருக்கிறதே.

கூட்டத்தில் அந்தப் படத்தைத்தான் போட்டார்கள். கொத்தனார் வாய் நிறைய ரத்தம். "அண்ணே, சக்‌ஷன் மெஷின்" என்கிறாள் தலைமை நர்ஸ். அட்டெண்டர் கழுத்தை மட்டும் அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறார். மறுபடி கூப்பிடுகிறாள். மறுபடியும் மரம். கடைசியில் அவளே ஓடிப்போய், ரத்தம் உறிஞ்சுகிற அந்த மெஷினை இழுத்துக்கொண்டு வருகிறாள்.

"அண்ணன் நின்னுக்கிட்டே தூங்குவார் போல" என்றது ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள்.

அட்டெண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மடல் இரண்டும் சுட்டன. கேட்கிறதும் சுட்டது, கேட்காததும் சுட்டது.

"நிறுத்துங்க" என்றார் பெரிய டாக்டர். படம் நின்றது. "சிரிச்சவங்க கொஞ்சம் எண்ணிப் பாருங்க. இதுல எத்தனை பேர் ஒரே நேரத்துல பேசுறாங்க? நானும்தான் கத்துறேன். யாராவது யார் முகத்தையாவது பாக்குறாங்களா?"

சிரித்த நாலு பேரும் திரையில் நின்றிருந்த முகங்களைப் பார்த்தார்கள்.

"இனிமே ஒருத்தர் பேசுறப்போ மத்தவங்க சும்மா இருக்கணும். ஆளுக்கு நேரா வந்து நின்னு சொல்லணும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லணும். அவ்வளவுதான். அடுத்த மாசத்துலேர்ந்து கேமரா தினம் ஓடும். யாருக்காவது வேண்டாம்னு இருக்கா?"

"எனக்கு வேணும் டாக்டர்" என்றாள் தலைமை நர்ஸ். "பாருங்க, நான் அவர் முதுகுகிட்டதான் பேசிட்டு இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்கண்ணே."

கூட்டம் கலைந்தது. தலை தப்பியது என்று அட்டெண்டர் நிம்மதியாகப் போயிருக்கலாம். போக முடியவில்லை. தினமும் ஓடப் போகிற கேமராவுக்கு எத்தனை நாள் காட்டாமல் இருப்பது? எவனோ பார்த்துப் போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் தானே சொல்லித் தொலைத்துவிடலாம்.

நடைவழியில் போய்க்கொண்டிருந்த டாக்டரைப் பிடித்தார். நல்ல காது அவர் பக்கம் இருக்கட்டும் என்று டாக்டரின் இடது பக்கமாகச் சேர்ந்துகொண்டார்.

"ஐயா, ஒரு விஷயம்."

டாக்டர் பதில் சொல்லாமல் சுற்றிக்கொண்டு இவருடைய இடது பக்கம் வந்தார். ஏதோ சொன்னார். இவருக்குக் கேட்கவில்லை. இவர் மறுபடி சுற்றி டாக்டரின் இடது பக்கம் போனார். டாக்டரும் விடவில்லை, மறுபடி சுற்றினார். எதிரே ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று புரியாமல் நின்றுவிட்டார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் சுவரோரம் வந்து சேர்ந்தார்கள்.

வேண்டுமென்றே நழுவுகிறான் மனுஷன் என்று அட்டெண்டருக்குச் சுருக்கென்றது. நேராக முன்னால் போய் மறித்துக்கொண்டார்.

"நின்னு கேளுங்க ஐயா. எனக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. சிஸ்டர் மேல தப்பில்ல. இவ்வளவு நாளா மறைச்சிட்டேன். திட்டுறதுன்னா திட்டுங்க, அந்த அறையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க."

டாக்டர் மாஸ்க்கைக் கீழே இறக்கினார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும் உங்களை அனுப்பப் போறதில்ல பெரியவரே. நீங்க கழுத்தைத் திருப்பித் திருப்பி நிக்கிறதைப் படத்துல பாத்ததுமே எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

"உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கு?"

"இடது காது போன ஆள் அந்த அறையில நான் ஒருத்தன்தான்னு நெனச்சிருந்தேன், காதுல விட்டதைக் கண்ணாலயாவது பிடிக்கலாமேன்னுதானே நான் கேமராவே கேட்டேன்."