மோரில் கலந்த பொடி

"அந்தப் பொடிய எதுல கலந்து குடிச்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பேச்சிச்செல்விக்குப் பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னதைவிட ஒருபடி மேலாகக் கஞ்சியில்தான், கொதிக்கக் கொதிக்க, ஒருநாளும் ஆறவிட்டதில்லை என்று சொல்லி நல்ல பேர் வாங்கலாம் என்றிருந்தாள்.

அதற்குள் டாக்டரம்மா அடுத்ததைச் சொன்னார். "அது உயிரோட இருக்கிற நல்ல பாக்டீரியா. குடல் வீக்கத்தக் கொறைக்கலாம்னுதான் குடுத்தேன். சிலபேர் சூட்டுல போட்டுர்றாங்க. போட்டா அத்தனையும் செத்துப்போகும்."

பேச்சிச்செல்வி வாய்வரை வந்த பதிலை விழுங்கினாள்.

பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் செந்தூர்வேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். மார்க்கெட் கடையில் கருப்பட்டிச் சிப்பத்தை ஒற்றை ஆளாக இறக்கிவைக்கிற மனுஷன். இப்போது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

பெருங்குடல் முழுக்கப் புண். ரத்தமாகப் போகிறது. மாத்திரை பாதிதான் கேட்டது. கூட இந்தப் பொடியும் சேர்ந்தால் ஒருவேளை அடங்கலாம், அடங்காவிட்டால் குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைக்கவேண்டி வரும் என்று போன தடவையே சொல்லியாயிற்று. நாலு பேர் வந்துபோகிற கடையில் நிற்கிற மனுஷனுக்கு வயிற்றில் பை. அதை நினைத்து நினைத்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மோரிலோ ஆறின தண்ணீரிலோ கலக்கச் சொன்னது அவளுக்கு மறந்துவிடவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டுதான் போனாள். ஆனால் சீக்காளிக்குக் குளிர்ச்சியாக யாராவது கொடுப்பார்களா? டாக்டரம்மாவுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கல்லவா தெரியும்.

மகன் முத்துமணி நாலு வயதில் கழிச்சல் கண்டு இறந்ததிலிருந்து அந்த வீட்டில் நோய் என்று படுத்தால் எல்லாம் சுடச்சுடத்தான். தண்ணீரைக்கூடக் கொதிக்கவைத்துச் சூடு ஆறுமுன்னே கொடுப்பாள். பொடி போட்ட கஞ்சியைத் தினமும் டம்ளரில் ஊதி ஊதி நீட்டினாள். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார்.

அத்தனை பாக்கெட்டையும் கொன்று கொன்றுதான் கொடுத்திருக்கிறாள்.

செந்தூர்வேல் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"மோருலதான் டாக்டர். தெனமும் மோருலதான் கலக்கிக் குடிச்சேன்" என்றார்.

அப்படியென்றால் பொடியும் கேட்கவில்லை என்றுதானே ஆகும். டாக்டரம்மா ஆபரேஷனுக்கு எழுதிக்கொடுக்கப் பேனாவை எடுத்தார்.

மேசைக்கு அடியில் செந்தூர்வேலின் கை வந்து அவள் கையைப் பிடித்தது. பேசாமல் இரு என்கிற பிடி. எலும்பும் தோலுமான கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

வாயை மூடிக்கொண்டால் தப்பித்துக்கொள்ளலாம். ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. குடல்தான் போகும், அதுவும் அவருடைய குடல்.

"அவுக பொய் சொல்லுதாக டாக்டரம்மா" என்றாள். அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "நான்தான் கொதிக்கிற கஞ்சியில போட்டுக் குடுத்தேன்."

பேனா நின்றது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். மாத்திரையோடு சேர்த்து இன்னும் ஒரு மாதம் மோரில் கலந்து கொடுத்துப் பார்க்கலாம், கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும், புண் ரொம்ப முற்றியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த நாலு எட்டு நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னிய? ஒங்க உசுரு ஒங்களுக்குப் பெருசில்லையா?" என்று கேட்டாள்.

செந்தூர்வேல் ரோட்டில் போகிற உப்பு லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"ஏளா, இன்னொரு தடவையும் நானே ஒன்னயக் குத்தஞ் சொல்லணுமா?" என்றார்.

பேச்சிச்செல்வி அழுதாள். பிள்ளை போய் இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பேச்சை எடுத்தது இதுதான் முதல் தடவை.

முத்துமணியைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை சொந்தபந்தத்துக்கும் நடுவில், "ஏளா, பச்சத்தண்ணியக் குடுத்துப் பிள்ளையக் கொன்னுட்டியே" என்று அவளைப் பார்த்துக் கத்தியவர் அவர்தான்.