ஏழு மணிக்குள் ஒரு குரல்

நான்காவது தடவையும் குரல் கணீரென்று வந்து தொலைத்தது.

"அண்ணா, ஒடம்பு செரியில்லீங்ணா. இன்னைக்கு ஒருநா லீவு வேணுமுங்ணா."

பதிவானதைப் போட்டுக் கேட்டான். கல்யாணத்துக்கு அழைப்பவனைப் போல இருந்தது.

அழித்தான்.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தான். மணி ஆறே முக்கால். ஏழுக்குள் அனுப்பியாக வேண்டும்.

பம்பு கம்பெனியில் அவன் வேலை பார்க்கும் பிரிவில், லீவை எழுதி அனுப்பினால் செல்லாது. குரலில்தான் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் சென்னியப்பன் போட்ட சட்டம். எழுத்து இருமாது என்பார். வந்த குரலை, போனைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகுதான் தீர்ப்பு.

அந்தக் காதையே அவன் ஏமாற்றியிருக்கிறான்.

தலையணையில் முகம் புதைத்து ஒரு காய்ச்சல். ஐஸ் தண்ணீர் குடித்து ஒரு தொண்டைக்கட்டு. மகள் பள்ளிக்கூடத்தில் கத்தரிக்காய் வேஷம் போட்ட அன்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சளி.

அந்தச் சளிக்கு மறுநாள் சென்னியப்பன் வீட்டிலிருந்து கஷாயம் கொண்டுவந்தார். ஒரு பிளாஸ்க் நிறைய. எதிரிலேயே உட்கார்ந்து குடிக்க வைத்தார்.

கஷாயம் இறங்கிவிட்டது. வெட்கம்தான் இறங்கவில்லை.

அன்றோடு நடிப்பை விட்டான். ஆறு மாதமாக ஒரு நாள் லீவு கிடையாது. வயிறு வலித்தபோதும் போனான். வலி கூடியபோது பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டு போனான். அப்புறம் பெல்ட்டே தானாகத் தளர்ந்தது. தொப்பை கரைகிறதென்று கண்ணாடி முன் இரண்டு நிமிடம் பெருமைப்பட்டான்.

நேற்று டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்னாடியே வந்திருக்கலாமே என்றார்.

லீவு போட மனசு வரலைங்க என்றான்.

நர்ஸ் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

இன்று வயிற்றுக் கட்டியிலிருந்து பரிசோதனைக்குச் சதை எடுக்கிறார்கள். திங்கட்கிழமை அட்மிட். கூட யாரையாவது அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவையும் வயிற்றில் வைத்த கடவுள், குரலில் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை.

ஆறு ஐம்பத்தைந்து.

மூக்கைப் பிடித்தான். பழைய சளியைத் தூசி தட்டி எடுத்தான். இரண்டு இருமல் சேர்த்து அனுப்பினான்.

உடனே பதில் வந்தது.

"அடப்பாவமே, கொரலே கெட்டுக் கெடக்குது. ரெஸ்ட் எடு கண்ணு. திங்கக்கெழம மட்டும் எப்பிடியாச்சும் வந்துரு. லீடர் போஸ்ட்டுக்கு உம்பேரத்தான் மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கறன். ஆறு மாசமா லீவே போடாத ஆளுன்னு. அன்னைக்கு உன்னய நேர்ல பாக்கோணுங்கறாரு. வந்துருவீல்ல?"

மூன்று முறை கேட்டான்.

பிறகு பொத்தானை அழுத்தினான்.

"வந்தர்றனுங்ணா."

போட்டுப் பார்த்தான். குரல் உடைந்திருந்தது. மூக்கைப் பிடிக்கவில்லை. தலையணை இல்லை. ஐஸ் தண்ணீர் இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அசலாக ஒன்று வந்ததே கிடையாது.

இதை அவர் கேட்கக் கூடாது.

அழித்தான்.

குழாயில் தண்ணீர் குடித்தான். தொண்டையைச் செருமினான். முதுகை நிமிர்த்தி நின்று, கல்யாணத்துக்கு அழைப்பவனைப் போல, கணீரென்று சொன்னான்.

"கண்டிப்பா வந்தர்றனுங்ணா."

அனுப்பினான்.

அனுப்பிய பிறகுதான் தனக்குச் சளி என்பது ஞாபகம் வந்தது.

டிக் இரண்டும் நீலமாயின.

அங்கே சென்னியப்பன் போனைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடியிருப்பார்.