மாசக் கடைசி ஆள்

"போன வருஷம் மாசம் இருபது குடி கேஸுக்குக் குறையாம பிடிச்ச ஸ்டேஷன்யா இது. இப்ப பத்தைத் தாண்ட மாட்டேங்குது. ஏன்?"

டி.எஸ்.பி. இளையபெருமாள் திடீரென்று வந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார். எஸ்.ஐ. சிங்கராயர் எதிரே விறைப்பாக நின்றார்.

"ஊர்ல ஆளே இல்லைங்க ஐயா. குறுவைக்குத் தண்ணி வரலை. இளவட்டமெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிடுச்சு. கொஞ்சம் வழி இருக்கிறவன் சிங்கப்பூர், சவூதின்னு கிளம்பிட்டான்."

"ஆக, ஊர்க் குடிகாரன் மொத்தமும் பிளேன் ஏறிட்டான். அப்படித்தானே? யார்கிட்ட கதை விடறே?"

சிங்கராயர் கேஸ் அறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நானும் இதே ஸ்டேஷன்ல எஸ்.ஐ.யா இருந்தவன்தான். என் காலத்துல ஒரு மாசம்கூடக் கணக்கு இறங்கினது கிடையாது. அதுக்காகவே எஸ்.பி. கூப்பிட்டு மெடல் கொடுத்தாரு, தெரியுமில்ல?"

சொல்லிக்கொண்டே போன வருஷத்து அறிக்கையைப் புரட்டியவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"யாருய்யா இந்தச் சாமிதுரை? மாசக் கடைசியானா குடிச்சிட்டு ரோட்டுல கலாட்டா பண்ணியிருக்கான். இவனையாவது பிடிக்கலாமே, எங்க இவன்?"

"சிங்கப்பூர்ல கட்டட வேலைக்குப் போயிட்டாருங்க ஐயா."

"இத்தனை கேஸ் இருக்கிறவனுக்குப் பாஸ்போர்ட்டா? யார் விசாரிச்சு எழுதினது?"

"நான்தாங்க. நன்னடத்தை உள்ளவர்னு எழுதினேன்."

"எவ்வளவு வாங்கினே?"

சிங்கராயருக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

"மாதா சத்தியமா ஒரு டீகூட வாங்கலைங்க."

"அதை என்கொயரியில சொல்லு. பாஸ்போர்ட் ஆபீஸுக்கு இன்னிக்கே எழுதறேன். உன்னோட நன்னடத்தை அடுத்த பிளேன்லயே ஊர் வந்து சேரட்டும். பேப்பர் எடு."

சிங்கராயர் நகரவில்லை.

"என்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க ஐயா. அவரை விட்டுடுங்க. இருந்த ஒரே மனையை வித்து ஏஜென்ட்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்காரு. திருப்பி அனுப்பினா அந்தக் குடும்பம் நடுத்தெருவுலதான் நிக்கும்."

"ஒரு குடிகாரனுக்கு இவ்வளவு வக்காலத்தா?"

"அவரு குடிக்க மாட்டாருங்க. இருமல் டானிக் குடிச்சாலே அவருக்குக் குமட்டும்."

"அப்புறம் இத்தனை கேஸ் எப்படிய்யா?"

சிங்கராயர் கொஞ்சம் தயங்கினார். பிறகு எது நடந்தாலும் நடக்கட்டும் என்கிற மாதிரி சொல்லத் தொடங்கினார்.

"கணக்கு குறைஞ்சா நாங்கதான் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிடுவோம். டாக்டர் மோந்து பார்ப்பாரேன்னு கொஞ்சம் சரக்கை வாயில ஊத்திக் கொப்பளிக்கச் சொல்லுவோம். அதுக்கே வாந்தி எடுப்பாரு. கோர்ட்டுல அபராதத்தை நாங்களே கட்டிடுவோம். வயல்ல வேலை இல்லாத நாள்ல, நாங்க கொடுக்கிற ஒருநாள் கூலியும் சாப்பாடும் அவருக்குப் பிழைப்பு. இவரை மாதிரி பத்துப் பேர் இருந்தாங்க ஐயா. எல்லாரும் ஊரைவிட்டுப் போயிட்டாங்க. இப்ப நிஜமாவே குடிச்சவனை மட்டும்தான் பிடிக்கிறோம். கணக்கு குறைஞ்சதுக்கு அதுதாங்க காரணம்."

இளையபெருமாள் அறிக்கையை மேசைமேல் வைத்தார்.

"பாஸ்போர்ட் விசாரணைக்கு அவர் வந்து நின்னப்போ, நாங்க போட்ட கேஸே அவர் கழுத்தைப் பிடிச்சுது. எனக்கு மனசு கேக்கலைங்க. அதான் அந்த ஒரு தடவை உண்மையை எழுதினேன்."

"வெட்கமா இல்லை உனக்கு? இது போலீஸ் ஸ்டேஷனா, நாடகக் கொட்டகையா? என் காலத்துல இப்படி ஒரு அசிங்கம் நடந்திருக்குமாய்யா?"

சிங்கராயர் தலையைக் குனிந்துகொண்டார். குரல் தாழ்ந்துதான் வந்தது.

"சிங்கப்பூர் கிளம்பறப்போ என்கிட்ட சொல்லிக்க வந்தாருங்க ஐயா. உங்களைத்தான் விசாரிச்சாரு. 'முதல் தடவை என்னைக் கேஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போனது இளையபெருமாள் ஐயாதான். கிழிசலோட கோர்ட்டு ஏறாதேன்னு தன் சட்டையைக் கழட்டிக் கொடுத்தாரு. மெடல் வாங்கின அன்னிக்கு எங்க பத்துப் பேருக்கும் பிரியாணி வாங்கிப் போட்டாரு. அந்த மெடலைப் பத்திரமா வச்சிருக்காருங்களா?'ன்னு கேட்டாருங்க."