அஞ்சரை மணி முதலாளி

"ஏட்டி, எந்தக் கம்பெனியிலயாவது முதலாளி முதல்ல வீட்டுக்குப் போறதப் பாத்திருக்கியா?"

பிந்து மெல்லத்தான் கேட்டாள். அடுத்த நாற்காலி ஷிஜி சிரித்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜஸ்டஸ் லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். மணி அஞ்சரை. தினமும் இதே கதைதான். பையைத் தோளில் மாட்டுவார். வழியில் இருக்கிற மேசைகளைப் பார்த்து, "போதும் மக்கா, மிச்சம் காலையில பாக்கலாம்" என்பார். படியிறங்கிப் போய்விடுவார்.

செட்டிகுளத்தில் ஒரு மாடி அறையில், நாலு பேரோடு அவர் தொடங்கிய கம்பெனி. அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிக்கொடுத்த சாஃப்ட்வேர் பிடித்துப்போக, இப்போது மூன்று மாடியும் நிரம்பிவிட்டது. போன வாரம் தண்ணீர் கேன் இருந்த மூலையில் இந்த வாரம் இரண்டு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அப்படி ஓடுகிற கம்பெனியில், கிளையண்ட் தூங்கி எழும்புகிற நேரம் பார்த்து முதலாளி கிளம்புகிறார்.

பிந்து பெங்களூரில் வேலை பார்த்தவள். அங்கே அவளுடைய மேனேஜர் ஆபீஸிலேயே பல் தேய்ப்பார். அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊருக்குத் திரும்பி, இங்கே டீம் லீடாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

"கொடுத்து வச்ச மனுஷன். நாமளாவது இருப்போம். கிளையண்ட் ஏதும் கேட்டா பதில் சொல்ல ஆளு வேணும்லா?" என்றாள்.

ஷிஜி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். பின் வரிசைப் பிள்ளைகளும் எடுத்த பையைத் திரும்ப மேசைக்கடியில் வைத்தார்கள்.

பிந்துவுக்குப் பெருமையாக இருந்தது. முதலாளிக்கு இல்லாத பொறுப்பு பிள்ளைகளுக்கு இருக்கிறது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஷிஜியின் போன் விட்டுவிட்டு அடித்தது. கடைசியில் எடுத்து, "இந்தா கிளம்பிட்டேன்ப்பா" என்றாள். குரல் கம்மியிருந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. கடியபட்டணம் பஸ்ஸு இப்ப எடுத்துருவான். அத விட்டா பொறவு ஒம்பதுக்குத்தான்."

"முதல்லயே சொல்லப்பிடாதா? வா, ஸ்கூட்டில கொண்டு விடுகேன்."

அவர்கள் அண்ணா பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது பஸ் நகர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. ஆனால் யாரோ ஒருத்தர் அதன் முன்னால் நின்று, கைகூப்பி டிரைவரிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். பஸ் நின்றது. ஷிஜி குதித்து இறங்கி ஓடிப்போய் ஏறினாள்.

பஸ் போனதும் அந்த மனுஷன் திரும்பினார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

ஜஸ்டஸ்.

பிந்துவைப் பார்த்ததும், ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்குள் வேகமாகப் போனார். அவள் பின்னாலேயே போனாள். மூலை பெஞ்சில், டேட்டா கார்டு சொருகிய லேப்டாப் திறந்திருந்தது. பக்கத்தில் ஆடை படிந்த டீ. கிளையண்டிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டே ஜஸ்டஸ் ஒரு வரியை அழித்து வேறு அடித்தார்.

பிந்து திரையைப் பார்த்தாள். மத்தியானம் முழுக்க அவளுக்குப் பிடிகொடுக்காத பிழை அது. நாளைக்குப் பார்க்கலாம் என்று அவள் தள்ளி வைத்திருந்தாள்.

ஜஸ்டஸ் பேசி முடித்து நிமிர்ந்தார்.

"சார், தினமும் இங்கயா வேலை பாக்கிறீங்க?"

"ஆமா. கடைக்காரரு நம்ம ஆளுதான். இன்வெர்ட்டர் உண்டு, கரண்டு போனாலும் பயமில்ல."

"ஆபீஸ்ல ஜெனரேட்டரே இருக்கு. ஏசி இருக்கு. பொறவு எதுக்கு சார் இந்த ஈக்கும் சத்தத்துக்கும் நடுவுல?"

ஜஸ்டஸ் ஆறிப்போன டீயை ஒரு மடக்கு குடித்தார்.

"முந்தி நானும் ஆபீஸ்லதான் இருப்பேன். பெபிஷான்னு ஒரு பிள்ளை இருந்துது. என்னைவிட நல்லா கோடிங் பண்ணும். நான் இருக்கேன்னு அதுவும் எழும்பாது. பஸ்ஸ விட்டு விட்டு, வீட்டுக்குப் போக நேரமாச்சு. ஒருநாள் அவ அப்பா, வேலையே வேண்டாம்னுட்டாரு. நான் ஊருக்கே போய்க் கேட்டுப் பாத்தேன். விடல்ல."

பிந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போங்கன்னு வாயால சொன்னா ஒருத்தரும் போக மாட்டாவ. மேல உள்ளவன் எழும்பினாத்தான் கீழ உள்ளவன் எழும்புவான். அதான் நான் இங்க வந்துட்டேன். இங்க இருந்தா பிள்ளையள் பஸ் ஏறுறதும் கண்ணுக்குத் தெரியும்."

இந்த மனுஷனைப் பற்றித்தான் தினமும் அஞ்சரைக்கு பிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"சார், நான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன்."

"அது கிடக்கட்டும்." ஜஸ்டஸ் தயங்கினார். எப்படிச் சொல்வது என்று யோசிப்பவர்போல டம்ளரை மேசையில் நகர்த்தினார்.

"அதுக்குப் பொறவு எல்லாப் பிள்ளையளும் நேரத்துக்கு வந்து ஏறிப் போச்சுங்க. இந்த மூணு மாசமாத்தான் கடைசி நிமிஷத்துல ஓடி வருதுங்க. நாளையிலேந்து நான் கிளம்பும்போ, நீங்களும் கொஞ்சம் எழும்புவியளா?"